வெள்ளை வீட்டுப் புனிதர்: நினியனும் அவர் பெயர் தாங்கிய தலங்களும்

ஸ்காட்லாந்துக்குக் கிறிஸ்தவ சமயத்தைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால், ஓரளவு வாசித்தவர்கள் கொலம்பாவின் பெயரைத்தான் சொல்வார்கள். கி.பி. 563இல் அயர்லாந்திலிருந்து படகேறி வந்து, அயோனா என்ற சின்னஞ்சிறு தீவில் மடம் அமைத்தவர் அவர். அவர் இறந்து ஏறக்குறைய நூறு வருஷத்தில் அதே மடத்தின் தலைவரான ஆதம்னான் அவருடைய வரலாற்றை எழுதிவைத்துவிட்டார். ஆகவே கொலம்பா இருந்தாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் அந்த நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கிற விட்ஹார்ன் என்ற ஊரில் போய் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கொலம்பா வருவதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியே எங்கள் ஊருக்கு நினியன் வந்தாச்சு, ஸ்காட்லாந்தின் முதல் கோயில் எங்க ஊரில்தான் எழும்பியது என்பதே அவர்கள் பரம்பரையாகச் சொல்லி வருவது. இந்த நினியனைப் பற்றியும், அவர் பெயரால் விளங்கும் தலங்களைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. விஷயம் நேரானது போலத் தோன்றும். உள்ளே போகப் போக, அப்படி ஒருவர் இருந்தாரா என்ற கேள்வியில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

விட்ஹார்ன் இருப்பது காலோவே பகுதியில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மச்சார்ஸ் என்ற தீபகற்பத்தின் நுனிப் பக்கம். இன்றைக்கு ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆனால் அதன் பிரதான வீதி மட்டும் அந்த ஊரின் அளவுக்குப் பொருந்தாத அகலம். யாத்திரிகர் கூட்டமும் சந்தையும் நிறைந்திருந்த காலத்தின் அடையாளம் அது. வீதியின் ஒரு பக்கம் ஸ்காட்லாந்து அரச முத்திரை பொறித்த கல் வளைவு. அதற்குள் நுழைந்து போனால் கூரையில்லாத பழைய மடாலயக் கோயில்.

ஊரின் பெயரிலேயே பாதிக் கதை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்விட் ஆர்ன்' என்றால் வெள்ளை வீடு. லத்தீனில் 'காண்டிடா காசா', அதற்கும் பொருள் அதுவே. இந்தப் பெயருக்கு விளக்கம் சொன்னவர் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஜாரோ மடத்தில் வாழ்ந்த அவர் 731இல் எழுதி முடித்த ஆங்கிலத் திருச்சபை வரலாற்றில், கொலம்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வரும்போது இடையில் சில வரிகள் வருகின்றன. வடக்குப் பிக்டு மக்களுக்குச் சமயம் போதித்தவர் கொலம்பா என்றால், மலைக்கு இந்தப் பக்கம் வாழ்ந்த தெற்குப் பிக்டுகளுக்கு வெகுகாலம் முன்பே போதித்தவர் நினியா என்ற ஆயர். அவர் பிரித்தானிய இனத்தவர். ரோமாபுரியில் முறைப்படி கல்வி கற்றவர். புனித மார்ட்டின் பெயரால் அமைந்த கோயிலில் அடக்கமானவர். பிரித்தானியர் வழக்கத்துக்கு மாறாக அந்தக் கோயிலைக் கல்லால் கட்டியதால் அந்த இடத்துக்கு வெள்ளை வீடு என்று பெயர் வந்தது. இவ்வளவுதான் சாரம். இதையும் 'சொல்லிக்கொள்கிறார்கள்' என்ற முன்னெச்சரிக்கையோடுதான் பீட் எழுதுகிறார். சான்று இல்லாததைச் சான்று உள்ளதைப்போல எழுதும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அந்த ஒரு சொல்லை நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பீட் எப்போது எழுதினார் என்பதும் கவனிக்கத்தக்கது. அப்போது விட்ஹார்ன் பிரித்தானியர் கையில் இல்லை. நார்தம்பிரியா என்ற ஆங்கிலேய அரசின் வசமாகி, பெக்ட்ஹெல்ம் என்ற ஆங்கிலேயர் அங்கே முதல் ஆயராக வந்து உட்கார்ந்திருந்தார். புதிதாக ஆயர் பீடம் அமைக்கிறவர்களுக்கு அந்த இடத்துக்கு ஒரு பழம்பெருமை தேவைப்படும். அதிலும் ரோமில் படித்த ஒரு புனிதர் கிடைத்தால் ரொம்பவே விசேஷம். ஏனென்றால் பாஸ்கா திருநாளை எந்தக் கணக்கில் கொண்டாடுவது என்பதில் ரோமாபுரி முறைக்கும் அயோனா முறைக்கும் பெரிய பூசல் நடந்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பிக்டு அரசன் நெக்டன் ரோமாபுரி முறைக்கு மாறியிருந்தான். 'உங்களுக்கு முதலில் போதித்தவரே ரோமில் படித்தவர்தான்' என்று பிக்டுகளிடம் சொல்ல முடிந்தால் எவ்வளவு வசதி! இதனால் பீட் பொய் எழுதினார் என்று ஆகிவிடாது. அவருக்குச் செய்தி தந்தவர்கள் எதை விரும்பிச் சொல்லியிருப்பார்கள் என்பதை நாம் யோசிக்க வேண்டும், அவ்வளவே.

சரி, ஏட்டை விட்டுவிட்டுக் கல்லைப் பார்ப்போம். விட்ஹார்னில் கிடைத்த ஒரு கல்வெட்டு ஸ்காட்லாந்திலேயே மிகப் பழைய கிறிஸ்தவச் சின்னம் என்று மதிக்கப்படுகிறது. காலம் ஏறக்குறைய கி.பி. 450. உள்ளூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரடுமுரடான கல், லத்தீன் எழுத்து. ஆண்டவரைப் போற்றித் தொடங்குகிறது. 35 வயது லாட்டினஸ் என்பவரும், அவருடைய 4 வயது மகளும் இந்த இடத்தில் ஓர் அடையாளம் அமைத்தார்கள், அவர் பர்ரோவாதஸ் என்பவரின் வழிவந்தவர் என்பது செய்தி. மகளின் பெயர் இல்லை, வயது மட்டும் இருக்கிறது. இது கல்லறைக் கல்லா, அல்லது கோயில் எழுப்பியதைச் சொல்லும் கல்லா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. எப்படியானாலும், ரோமானியப் படைகள் பிரித்தானியாவை விட்டுப் போய் நாற்பது வருஷம் ஆன பிறகு, ரோமானிய எல்லைச் சுவருக்கும் அப்பால், லத்தீனில் கல்வெட்டு வெட்டிக்கொள்ளும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இங்கே வாழ்ந்திருக்கிறது. மேற்கே சற்றுத் தள்ளி கிர்க்மாட்ரின் என்ற இடத்திலுள்ள பழைய கற்களில் விவென்டியஸ், மாவோரியஸ் என்ற இரண்டு குருமார்களின் பெயர் இருக்கிறது. இன்னொன்றில் ஃபுளோரென்டியஸ். இத்தனை பேர் பெயரும் கல்லில் கிடைத்துவிட்டது. நினியன் பெயர் மட்டும் எந்தப் பழைய கல்லிலும் இல்லை!

1984 முதல் 1991 வரை பீட்டர் ஹில் என்ற தொல்லியலாளர் விட்ஹார்னில் பெரிய அளவில் அகழாய்வு செய்தார். 1997இல் அதன் அறிக்கை நூலாக வந்தது. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு மண்ணடுக்கில் அவருக்குக் கிடைத்தவற்றுள் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த சாடிகளின் உடைசல்களும், ஐரோப்பாவிலிருந்து வந்த கண்ணாடிக் குவளைத் துண்டுகளும் உண்டு. திராட்சை ரசமும் எண்ணெயும் வந்த சாடிகள் அவை. இவ்வளவு தூரம் கப்பல் வந்திருக்கிறது என்றால் அது ஏதோ நாலு துறவிகள் குடிசை போட்டுக்கொண்டிருந்த ஒதுக்குப்புறம் அல்ல, செல்வாக்குள்ள இடம். அதற்கு மேலடுக்கில் நார்தம்பிரியர் காலத்து மரக் கோயில், அதற்கு மேலே நார்ஸ் மக்கள் கலந்த கைவினைஞர் குடியிருப்பு என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஆயிரம் வருஷம் படிந்து கிடந்தது. ஆக, தலம் பழையது என்பதில் சந்தேகமில்லை. தலத்துக்கு உரியவர் யார் என்பதில்தான் சந்தேகம்.

நினியனின் வாழ்க்கை வரலாறு என்று நாம் இன்று படிப்பதெல்லாம் பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. எழுதியவர் எய்ல்ரெட். இளமையில் ஸ்காட்லாந்து அரசர் முதலாம் டேவிட்டின் அரண்மனையில் வளர்ந்து, பிறகு துறவியாகி, யார்க்ஷயரில் ரீவோ மடத்தின் தலைவரானவர். அவருக்கு முன்பே எட்டாம் நூற்றாண்டில் நினியனின் அற்புதங்களைப் பற்றி லத்தீனில் ஒரு கவிதை நூல் வந்திருக்கிறது. எய்ல்ரெட் தமக்குக் கிடைத்த ஒரு பழைய நூலின் நடை கரடுமுரடாக இருந்ததால் அதைச் செப்பம் செய்து தருவதாகச் சொல்கிறார். நினியன் இறந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் இவர் எழுதிய காலத்துக்கும் இடையே எழுநூறு வருஷம்! ஆகவே இதை வரலாறு என்று படிப்பதைவிடத் தலபுராணம் என்று படிப்பதே நியாயம். அப்படிப் படித்தால் ரொம்ப ருசியான நூல்.

மடத்தில் ஒருநாள் சாப்பாட்டுக்குக் கீரை காய் ஒன்றும் இல்லை. தோட்டக்காரத் துறவியைக் கேட்டால், 'இன்றைக்குத்தானே விதையும் நாற்றும் ஊன்றியிருக்கிறேன்' என்கிறார். போய்ப் பார் என்கிறார் நினியன். போய்ப் பார்த்தால் லீக்ஸும் மற்றக் கீரைகளும் வளர்ந்து, விதைகூடப் பிடித்துவிட்டன. இன்னொரு கதையில் மாடு திருட வருகிறார்கள். நினியன் தன் கோலால் மந்தையைச் சுற்றிக் கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கிறார். கோட்டைத் தாண்டிய திருடர் தலைவனைக் காளை குத்திக் கிழித்துவிடுகிறது. வேகத்தில் அதன் குளம்பு பாறையில் பதிந்துவிட, அந்த இடத்துக்கே காளை அடி என்று பெயர் வந்துவிட்டது. மறுநாள் காலையில் நினியன் வந்து ஜெபித்து அந்தத் திருடனை உயிரோடு எழுப்பிவிடுகிறார். மடத்தில் அடிக்குப் பயந்து நினியனின் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையனின் கதையும் உண்டு. தோல் போர்த்தாத வெறும் பிரப்பங்கூடைப் படகில் ஏறிவிடுகிறான். தண்ணீர் உள்ளே வரவில்லை. தடியே பாயாகிறது, தடியே நங்கூரமாகிறது. கரையில் நட்டால் தடி வேர்விட்டு மரமாகிறது, அடியில் ஊற்று பொங்குகிறது.

எனக்குப் பிடித்தது மழைக் கதை. நினியன் பிரயாணத்தின்போது வழியில் உட்கார்ந்து சங்கீதப் புத்தகம் வாசிப்பாராம். எவ்வளவு பெரிய மழையானாலும் அவர்மேலும் புத்தகத்தின்மேலும் ஒரு துளி விழாது, கூரைக்குக் கீழே இருப்பதுபோல இருப்பாராம். ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மனசு எங்கேயோ தகாத நினைப்பில் போய்விட்டது. அந்த நொடியே மழை அவரை நனைத்துவிட்டது. கூட இருந்தவர் அதைப் பார்த்து, என்ன நடந்திருக்கும் என்று புரிந்துகொண்டு மெதுவாகக் கண்டிக்கிறார். புனிதர் வெட்கப்பட்டு மனத்தை மீட்டுக்கொள்ள, மழையும் விலகுகிறது. புனிதரையும் நனையவிட்டுப் பார்த்த கதை என்பதால் இதன்மேல் நம்பிக்கை வருகிறது.

நினியனின் காலத்துக்குச் சொல்லப்படும் 397 என்ற ஆண்டும் எய்ல்ரெட் கதையிலிருந்து வருவதுதான். பிரான்சின் தூர் நகரில் ஆயராக இருந்த மார்ட்டினை நினியன் சந்தித்து, அங்கிருந்து கொத்தனார்களை அழைத்து வந்து கோயில் கட்டினார். கட்டிக்கொண்டிருக்கும்போதே மார்ட்டின் மறைந்த செய்தி வந்தது. எனவே கோயிலுக்கு அவர் பெயரையே வைத்தார் என்பது கதை. மார்ட்டின் இறந்தது 397. இந்த ஒரே ஆணியில்தான் நினியனின் காலக்கணிப்பு முழுவதும் தொங்குகிறது. பீட் மார்ட்டினின் பெயரால் கோயில் இருந்ததைச் சொல்கிறாரே தவிர, இருவரும் சந்தித்ததாகச் சொல்லவில்லை.

எய்ல்ரெட் எழுதிய காலத்திலும் ஒரு தேவை இருந்தது. நெடுங்காலம் நின்றுபோயிருந்த விட்ஹார்ன் ஆயர் பீடம் 1128 வாக்கில்தான் மறுபடி உயிர் பெற்றிருந்தது. அதே நூற்றாண்டில் வெள்ளை அங்கி அணியும் பிரிமான்ட்ரே சபைத் துறவிகள் அங்கே மடாலயம் அமைத்தார்கள். புனிதரின் கல்லறையை நோக்கி யாத்திரிகர்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களில் மன்னர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தை மீட்ட ராபர்ட் புரூஸ் கடும் நோயோடு 1329இல் இங்கே வந்துவிட்டுப் போனார். அதே வருஷம் ஜூனில் காலமானார்.

இந்த யாத்திரிகர்களில் என் மனசில் நிற்பவர் நான்காம் ஜேம்ஸ். ஏறக்குறைய வருஷா வருஷம் விட்ஹார்னுக்கு வந்தவர். 1507 பிப்ரவரியில் அவருடைய ராணி மார்கரெட் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்துவிட்டு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். பதினேழு வயதுதான் அவளுக்கு. மார்ச் மாதக் குளிரில் அரசர் எடின்பரோவிலிருந்து விட்ஹார்ன் வரை கால்நடையாகவே கிளம்பிவிட்டார். அரண்மனைப் பொக்கிஷக் கணக்கில் இந்தப் பயணத்தின் செலவெல்லாம் பதிவாகியிருக்கிறது. வழியில் அரசரின் செருப்புக்குப் புது அடித்தோல் தைத்த செலவுகூட அதில் உண்டு. மற்ற எந்தப் புராணத்தையும்விட இந்தச் செருப்புக் கணக்கு எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது. ராணி பிழைத்துக்கொண்டாள். அந்த ஜூலையில் நேர்த்திக்கடன் தீர்க்கிற மாதிரி அவளையும் பல்லக்கில் அழைத்துக்கொண்டு அரசர் மறுபடி வந்தார். குழந்தை மறுவருஷமே இறந்துபோனது. 1513இல் பிளாடன் போர்க்களத்தில் அரசரும் போய்விட்டார்.

1560இல் ஸ்காட்லாந்து சீர்திருத்தச் சபைக்கு மாறியது. மடாலயம் தன் செல்வாக்கை இழந்தது. 1581இல் யாத்திரை போவதே குற்றம் என்று பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. கோயிலின் ஒரு பகுதி மட்டும் ஊர்ச் சபைக் கோயிலாக 19ஆம் நூற்றாண்டு வரை பயன்பட்டது. மற்றது கல் கல்லாகப் போச்சு.

விட்ஹார்னுக்குத் தெற்கே சில மைலில் கடற்கரை. அங்கே 'ஐல் ஆஃப் விட்ஹார்ன்' என்ற துறைமுகக் கிராமம். தீவு என்று பெயர், ஆனால் இப்போது தரையோடு சேர்ந்திருக்கிறது. அதன் முனையில் 1300 வாக்கில் கட்டிய சிறு கோயில் ஒன்று நிற்கிறது. அயர்லாந்திலிருந்தும் மான் தீவிலிருந்தும் கடல் வழியாக வந்த யாத்திரிகர்கள் கரையேறியதும் நன்றி செலுத்தவே இது என்கிறார்கள். 1898இல் பியூட் பிரபு இதைச் செப்பனிட்டார்.

இதைவிட உருக்கமான இடம் நினியன் குகை. ஒரு சின்ன ஓடையை ஒட்டி மரங்களுக்கு நடுவே நடந்து போனால் கூழாங்கல் பரந்த கடற்கரை வரும். அதன் ஓரத்தில் பாறையில் ஒரு பிளவு, நம்ம வழக்கில் கெபி என்று சொல்லலாம். கூரைப் பாறை சரிந்து சரிந்து இப்போது சிறுத்துவிட்டது. நினியன் தனிமையில் தியானிக்க ஒரு குகைக்குப் போவார் என்று அந்த எட்டாம் நூற்றாண்டுக் கவிதையிலேயே குறிப்பு இருக்கிறது. குகைச் சுவரில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிலுவைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மண்ணுக்குள் கிடைத்த சிலுவைக் கற்களை விட்ஹார்ன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்றும் வருகிறவர்கள் கரை ஒதுங்கிய குச்சிகளைச் சிலுவையாகக் கட்டிப் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்கள். 1973இல் வந்த 'தி விக்கர் மேன்' என்ற பயங்கரப் படத்தின் ஒரு பகுதியை இதே குகையில்தான் எடுத்தார்கள். கிறிஸ்தவப் போலீஸ்காரர் ஒருவரைப் பழைய தெய்வங்களுக்குப் பலி கொடுக்கும் கதை அது. புனிதர் அதையும் பொறுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

நினியன் பெயர் காலோவேயோடு நிற்கவில்லை. ஸ்காட்லாந்து மக்கள் வாயில் அது ரிங்கன் ஆயிற்று, டிரினியன் ஆயிற்று. மான் தீவில் செயின்ட் டிரினியன் என்று ஒரு கூரையில்லாக் கோயில் உண்டு. அது ஒரு காலத்தில் விட்ஹார்ன் மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. அதன் கூரையை ஒரு பூதம் திரும்பத் திரும்பப் பிய்த்துவிட்டதாம். நான் உள்ளே உட்கார்ந்து ஒரு கால்சட்டை தைத்து முடிக்கிறேன் பார் என்று ஒரு தையல்காரர் பந்தயம் கட்டி, பூதம் தரையிலிருந்து தலையைத் தூக்கத் தூக்கத் தைத்துக்கொண்டே இருந்து, கடைசித் தையலோடு ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார் என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். கூரை அன்றைக்கு விழுந்ததுதான்.

ஸ்காட்லாந்து வணிகர்கள் பிழைக்கப் போன ஊர்களுக்கும் இந்தப் புனிதர் கூடவே போனார். பெல்ஜியத்தின் புரூஜ் நகரிலும், டென்மார்க்கின் எல்சினோரிலும் அவர்கள் தங்கள் செலவில் நினியனுக்குப் பீடம் அமைத்து வழிபட்டார்கள். அந்நிய ஊரில் ஊர்க்காரர்கள் ஒன்றுகூட ஓர் இடம் வேண்டியிருந்தது. சங்கம் வைத்திருக்கிற நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

வடகோடியில் ஷெட்லாந்தில் நினியன் தீவு என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல் அலை அடிக்க, நடுவே ஒரு மணல் பாதைதான் அதைத் தரையோடு இணைக்கிறது. 1958 ஜூலையில் அபர்டீன் பல்கலைக்கழகத்தார் அங்கிருந்த பழைய கோயில் இடிபாட்டைத் தோண்டியபோது, உதவிக்கு வந்த ஒரு பள்ளி மாணவன் சிலுவை கீறிய கல் பலகை ஒன்றைத் தூக்கினான். அடியில் மரப்பெட்டிக்குள் 28 வெள்ளிப் பொருள்கள்! கிண்ணங்கள், ஊசிப்பதக்கங்கள், வாளின் பூண்கள். கூடவே கடற்பன்றி ஒன்றின் தாடை எலும்பு. கி.பி. 800 வாக்கில், வைக்கிங் கொள்ளைக்குப் பயந்து புதைத்திருக்கலாம். புதையல் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது. ஷெட்லாந்தின் பழைய நார்ஸ் நிலச் சட்டப்படி நிலத்துக்காரருக்கும் பங்குண்டு என்று வாதாடினார்கள். 1963இல் அரசுக்கே சொந்தம் என்று தீர்ப்பாகி, எடின்பரோ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஷெட்லாந்தில் இருப்பது நகல்.

இப்படி ஊர் ஊராக இருக்கும் நினியன் கோயில்களை வைத்து, அவர் ஷெட்லாந்து வரை நேரில் போய்ப் போதித்தார் என்று டக்ளஸ் சிம்சன் என்ற அறிஞர் 1940இல் ஒரு நூலில் வாதிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. காரணம் எளிது. கோயில் பழையதாக இருக்கலாம், அதற்கு வைத்த பெயர் பிந்தியதாக இருக்கலாம். ஸ்டெர்லிங் நகரின் பக்கத்தில் செயின்ட் நினியன்ஸ் என்ற ஊரே இதற்கு நல்ல உதாரணம். 12ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் அந்த ஊரின் பெயர் எக்லிஸ். அதாவது வெறுமே 'கோயில்'. பழைய பிரித்தானிய மொழியில் வழங்கிய சொல் அது. ஆக மிகப் பழைய கோயில்தான். ஆனால் நினியன் பெயர் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. (அந்தக் கோயில் 1746இல், உள்ளே சேமித்திருந்த வெடிமருந்து வெடித்துச் சிதறி, கோபுரம் மட்டும் மிஞ்சி இன்றும் தனியே நிற்கிறது.)

2001இல் தாமஸ் ஓவன் கிளான்சி என்ற அறிஞர் இதற்கும் ஒருபடி மேலே போனார். நினியன் என்று ஒருவர் இல்லவே இல்லை, அது ஓர் எழுத்துப் பிழை என்றார். ஆறாம் நூற்றாண்டில் உயின்னியாவ் என்று ஒரு பெரியவர் இருந்தார். பிரித்தானியர், அயர்லாந்தில் பணி செய்தவர், ஃபின்னியன் என்று அங்கே அழைக்கப்பட்டவர், கொலம்பாவுக்கே ஆசிரியர். லத்தீன் கையெழுத்துப் படிகளில் 'உ' ஒலிக்குரிய எழுத்தும் 'ந' ஒலிக்குரிய எழுத்தும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் மற்றது. யாரோ ஒருவர் படியெடுக்கும்போது உயின்னியாவ், நின்னியாவ் ஆகிவிட்டார்; அதை அப்படியே பீட் வாங்கிக்கொண்டார் என்பது கிளான்சியின் கருத்து. ஓலைச்சுவடியில் காலும் ரகரமும் ஒன்றாகத் தெரிந்து பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இது நடக்காத விஷயமாகத் தோன்றாது.

கிளான்சிக்கு ஊர்ப்பெயர்களும் துணை நிற்கின்றன. தென்மேற்கு ஸ்காட்லாந்தில் கில்வின்னிங், கிர்க்கன்சியன் போன்ற பழைய பெயர்களுக்குள் ஒளிந்திருப்பது ஃபின்னியன்தான். நினியன் பெயர் கொண்ட ஊர்களும் கோயில்களும் பெரும்பாலும் பிற்காலத்தவை. சொந்தப் பகுதியிலேயே புனிதரின் பெயர் பழைய ஊர்களில் இல்லை, பக்கத்து வீட்டுப் புனிதரின் பெயர் இருக்கிறது என்றால் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. என் அபிப்பிராயம் இது: ஊர்ப்பெயர் வாதம் வலுவானது, எழுத்துப் பிழை வாதமும் நடக்கக்கூடியது. ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. ஃபின்னியன் ஆறாம் நூற்றாண்டுக்காரர். லாட்டினஸின் கல் ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் உள்ளது. ஃபின்னியன் பிறப்பதற்கு முன்பே விட்ஹார்னில் கிறிஸ்தவர்கள் இருந்தாயிற்று. அவர்களுக்கு ஓர் ஆயரோ குருவோ இருந்திருக்க வேண்டும். அவர் பெயர் நினியனாக இல்லாவிட்டால் வேறு ஏதோ பெயர். ஆக எய்ல்ரெட் கட்டிய நினியனைக் கிளான்சி கலைத்துவிட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம். விட்ஹார்னின் முதல் போதகரை அவர் கலைக்கவில்லை. கலைக்கவும் முடியாது.

இந்த வாதம் வெளிவந்து ஒன்பது வருஷம் கழித்து, 2010 செப்டம்பர் 16ஆம் தேதி, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எடின்பரோவுக்கு வந்து இறங்கினார். அன்று நினியன் திருநாள். நினியனாக வேடம் தரித்தவரும் நடந்து வர ஊர்வலம் கோலாகலமாக நடந்தது. குகைக்கும் கத்தோலிக்கர்கள் ஆண்டுதோறும் யாத்திரை போகிறார்கள். கிளாஸ்கோவிலிருந்து விட்ஹார்ன் வரை சுமார் 240 கிலோமீட்டர் பழைய யாத்திரைப் பாதையை அடையாளம் கண்டு மறுபடி நடைபாதையாக்கியிருக்கிறார்கள். சமய நம்பிக்கை இல்லாதவர்களும் அதில் நடக்கிறார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கவேண்டிய இன்னொரு இடம் உண்டு. மச்சார்ஸின் மேற்குக் கரையில், போர்ட் வில்லியம் என்ற ஊருக்கு வடக்கே, கடலை ஒட்டிய சாலையோரத்தில் பத்து, பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு மிகச் சிறிய கோயிலின் அடிச்சுவர் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு கிணறு. அயர்லாந்திலிருந்து படகில் வந்த யாத்திரிகர்கள் இங்கே இறங்கி விட்ஹார்னுக்கு நடந்திருப்பார்கள் என்கிறார்கள். நினியன் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற இந்தக் கோயிலின் பெயர் சாப்பல் ஃபினியன், அதாவது ஃபின்னியன் கோயில்.